குப்பைக்குக் கூலியா, சுத்தத்துக்குக் கூலியா?

சென்ற மாதம் நம் சங்கத்தின் படிப்பு வட்டத்தில், "நகராட்சிப் பணிகளைத் தனியாரிடம் விடலாமா?" என்று பேச்சு எழுந்தது. வந்திருந்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். அரை மணி நேரத்தில் கூடம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அரசாங்கம் தொட்டது துலங்காது என்று ஒரு பக்கம், தனியார் வந்தால் கொள்ளைதான் என்று மறு பக்கம். காபி ஆறிப் போனதுதான் மிச்சம். கடைசியில் செயலாளர் என்னைப் பார்த்து, "நீங்கள் தணிக்கைத் துறையில் இருந்தவர். இதைப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி ஒரு பாடமாக எழுதிக் கொடுங்கள்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

தொடக்கத்தை எடுத்துக் கொடுத்தவள் என் அக்கா. அதே வாரம் காளஹஸ்தியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள்.

காளஹஸ்திதான் நான் பிறந்த ஊர். தேவாரம் படித்தவர்களுக்குத் திருக்காளத்தி. நான் பள்ளிக்குப் போன காலத்தில் சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் இருந்து திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சண்டைக்கு இரண்டும். புனேவுக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியும் ஊர்ப் பேச்சு அக்கா வாயிலாகத்தான் எனக்கு வருகிறது. அன்றைக்கு அவள் பேசியது குப்பையைப் பற்றி.

"ஏண்டா தம்பி, திருப்பதியில பெரியவன் மாசா மாசம் செத்த பன்னு கட்டிக்கிட்டு இருந்தானே, அதைத்தான் எடுத்துட்டாங்க. நல்லதுதான். ஆனா வண்டி ஓட்டறவனுக்கு இனிமே யாருடா பணம் கொடுப்பாங்க?"

தெலுங்கு அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: 'செத்த' என்றால் அங்கே குப்பை, 'பன்னு' என்றால் வரி. தமிழ்க் காதுக்கு வேறு மாதிரி விழும். எங்கள் பக்கத்தில் அதை வைத்துச் சிரிக்காத வீடு இல்லை. 2021 அக்டோபர் 2-ஆம் தேதி அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி 'கிளீன் ஆந்திரப் பிரதேஷ்' என்ற திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வீட்டுக்கு மூன்று கூடை: ஈரக் குப்பைக்குப் பச்சை, உலர்ந்ததற்கு நீலம், ஆபத்தானவற்றுக்குச் சிவப்பு. வாசலுக்கே வண்டி. அந்தச் செலவை ஈடுகட்டப் பல நகரங்களில் வீட்டுக்கும் கடைக்கும் மாதக் கட்டணம். வண்டியும் ஓட்டுநரும் பெரும்பாலும் தனியார் ஏஜென்சியுடையவை; நகராட்சி வாடகை கொடுக்கும். மக்கள் அந்தக் கட்டணத்தை மனதார ஏற்கவே இல்லை. 2024-இல் ஆட்சி மாறியது. அதே அக்டோபர் 2 அன்று மசூலிப்பட்டினத்தில் முதல்வர் சந்திரபாபு நாயுடு அந்த வரி ரத்து என்று அறிவித்தார்.

வரி போனது; வண்டி போகவில்லை, போகவும் முடியாது. ஆகவே அக்காவின் கேள்விதான் சரியான கேள்வி. படிப்பு வட்டத்தில் அரசா தனியாரா என்று கத்திக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. யார் செய்கிறார்கள் என்பதற்கு முன்னால், எதற்காக, எந்த அளவில், எந்தப் பையிலிருந்து பணம் போகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சிறு விளக்கம். அரசு–தனியார் கூட்டு என்றால் நகராட்சி தன் கடமையை விற்றுவிட்டது என்று பொருள் இல்லை. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில், பொதுச் சுகாதாரமும் திடக்கழிவு மேலாண்மையும் நகராட்சிகளுக்கு உரிய பணிகளாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. வேலையைச் செய்ய ஆள் வைக்கலாம்; பொறுப்பை ஒப்படைத்துவிட முடியாது. வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்தாலும், விருந்தாளிக்கு வயிறு கெட்டால் பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர்தானே.

இனி, நம்மில் பலருக்குத் தெரிந்த சென்னைக்குப் போவோம். 2000-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி 6, 8, 10 ஆகிய மூன்று மண்டலங்களின் குப்பைப் பணியை 'ஓனிக்ஸ்' நிறுவனத்திடம் ஏழு ஆண்டுகளுக்கு விட்டது. பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் கிளை. சிங்கப்பூர் வழியாக வந்தது. இந்தியப் பெருநகரம் ஒன்றில் இந்த அளவில் தனியாரிடம் குப்பையை ஒப்படைத்த முன்னோடி முயற்சி அது. என் தம்பி வீடு அந்த மண்டலம் ஒன்றில் இருந்ததால் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பார்த்தேன். சீருடை, புது வண்டி, மூடியுள்ள தொட்டி. தெரு முன்பைவிடச் சுத்தமாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் பணம் எப்படிக் கொடுத்தார்கள்? டன் கணக்கில். எவ்வளவு எடை குப்பையைக் கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்களோ அவ்வளவு கூலி. கட்டட இடிபாடுகளையும் மண்ணையும் சேர்த்து எடையைக் கூட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அந்த ஆண்டுகளில் பலமுறை எழுந்தது. அதைவிட முக்கியமானது யாரும் குற்றம் என்று சொல்ல முடியாத ஒன்று. எம்.பி. நிர்மல் 1989-இல் தொடங்கிய 'எக்ஸ்னோரா' இயக்கத்தைப் பின்பற்றிப் பல தெருக்களில் மக்களே குப்பையைப் பிரித்து உரமாக்கத் தொடங்கியிருந்தார்கள். டன்னுக்குக் கூலி வாங்குகிறவருக்கு, வீட்டிலேயே உரமாகிப் போகும் ஒவ்வொரு கிலோவும் நஷ்டம். அவரிடம் போய்க் குப்பையைக் குறைக்க உதவுங்கள் என்று கேட்பது, டாக்ஸிக்காரரிடம் நடந்து போவதன் நன்மையைப் பற்றிப் பேசச் சொல்வது போல.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. வேலையில் இருந்தபோது ஒரு நகராட்சியின் குப்பை பில்களைத் தணிக்கை செய்தேன். ஊரின் பெயர் வேண்டாம். எடைமேடைச் சீட்டுகளை மாத வாரியாக அடுக்கினால், மழை மாதங்களில் குப்பை பொங்கி வழிந்தது. மழையில் மக்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்களா என்ன? திறந்த லாரியில் நனைந்த குப்பை. நாம் தண்ணீருக்குக் கூலி கொடுத்திருக்கிறோம். இது திருட்டுக்கூட இல்லை. ஒப்பந்தத்தில் எடை என்று எழுதியிருந்தது, ஈரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்புறம் ஒரு சீட்டில் லாரியின் கொள்ளளவைவிட எடை அதிகம் இருந்தது. அது வேறு கதை. எடைமேடைக்குச் சாவி யாரிடம் என்று கேட்டேன். ஒப்பந்தக்காரரிடமே இருந்தது.

பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு. இவை கற்பனை எண்கள்தான். ஓர் ஊரில் நாளுக்கு 40 டன் குப்பை. டன்னுக்கு 1,000 ரூபாய் கூலி. நாள் செலவு 40,000 ரூபாய். நம் ஊர்க் குப்பையில் பாதியோ அதற்கு மேலோ ஈரக் குப்பை: காய்கறித் தோல், சோறு, இலை, பூ. ஊரார் அதில் 20 டன்னைத் தெருவிலேயே உரமாக்கிவிட்டால் நகராட்சிக்கு நாளுக்கு 20,000 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 73 லட்சம். அதே 73 லட்சம் ஒப்பந்தக்காரருக்குத் துண்டு விழும். இதை அறிந்துதான் பல ஒப்பந்தங்களில் குறைந்தபட்ச அளவு என்று ஒரு விதி நுழைகிறது: இத்தனை டன்னுக்குக் குறைந்தாலும் இத்தனை டன்னுக்கு உரிய பணம் உண்டு. அதாவது ஊர் திருந்தினால், இல்லாத குப்பைக்குக் கூலி. ஒப்பந்தத்தைப் புரட்டும்போது நான் முதலில் தேடுவது இந்த விதியைத்தான்.

ஓனிக்ஸ் எடுத்த குப்பை எங்கே போனது? பெருங்குடிக்கு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தக் கிடங்கில் மலையாகக் குவிந்ததைத்தான், 2020-களில் பயோமைனிங் என்ற முறையில் தோண்டிச் சலித்து அகற்றினார்கள். கொண்டுபோய்க் கொட்ட ஒரு முறை கூலி, தோண்டி எடுக்க மறு முறை கூலி. முதல் ஒப்பந்தம் மலிவா, விலை கூடியதா என்று மதிப்பிட்டவர்கள் இந்த இரண்டாவது செலவைச் சேர்த்துக் கொள்ளவில்லை.

சென்னையும் கற்றுக்கொள்ளாமல் இல்லை. 2007-இல் நீல் மெட்டல் பனால்கா வந்தது, 2012-இல் ராம்கி வந்தது. 2020-இல் உர்பேசர் சுமீத் நிறுவனத்துக்கு ஏழு மண்டலங்களை எட்டு ஆண்டுகளுக்குக் கொடுத்தபோது எடைக் கணக்கு போய்விட்டது. வீடு வீடாகப் போனார்களா, பிரித்து வாங்கினார்களா, தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பணித்தரத்தை அளந்து பணம் கொடுப்பதாக ஏற்பாடு. எழுத்தளவில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் எடையை இயந்திரம் அளக்கும். தரத்தை மனிதர் அளக்க வேண்டும். அளக்கிற மேற்பார்வையாளர்கள் நகராட்சியில் போதுமான எண்ணிக்கையில் இருக்கிறார்களா? ஆள் பற்றாக்குறை என்று சொல்லித்தான் தனியாரையே அழைத்தோம் என்பதை மறந்துவிடக்கூடாது.

இன்னொரு விஷயம், என் மனதைக் குடைவது. தனியார் வந்தால் செலவு குறையும் என்கிறார்கள். எங்கே குறைகிறது? புது வண்டியும் டீசலும் எல்லோருக்கும் ஒரே விலைதான். பெரும்பாலும் குறைவது கூட்டுகிறவரின் சம்பளத்தில். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்கிவந்த வேலையில் பல ஆயிரம் குறைந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. ஒரு கூட்டு முயற்சி லாபமா என்று கணக்குப் போடும்போது, இந்த இடைவெளியைச் 'சேமிப்பு' என்ற தலைப்பில் எழுதலாமா? என் தணிக்கைப் புத்தகத்தில் அதற்குச் சேமிப்பு என்று பெயர் இல்லை. ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போன பணம் அது.

சரி, வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். நாம் குடியிருக்கும் இந்தப் புனேயிலேயே இருக்கிறது. தினமும் பார்த்தும் கவனிக்காமல் இருக்கிறோம். காலை எட்டு மணிக்கு நம் வாசலில் மணி அடிக்கும் மாவ்ஷி எந்தக் கம்பெனியின் ஆள் என்று கேட்டிருக்கிறீர்களா? நம்மில் பலர் வீட்டுக்கு வருபவர் 'ஸ்வச்' என்ற கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர், அதாவது பங்குதாரர். குப்பை பொறுக்குபவர்கள் 1993-இல் இங்கே ஒரு தொழிற்சங்கம் கட்டினார்கள். அதன் வழியாக வந்த கூட்டுறவு இது; 2008-இல் புனே மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. நாம் கொடுக்கும் மாதக் கட்டணம் நேரே அவர்களுக்கு. பிரித்தெடுத்த தாள், பிளாஸ்டிக், தகரம் விற்ற பணமும் அவர்களுக்கே. இங்கே கூலியின் அளவு டன் அல்ல, வீடு. ஒரு வாசலைத் தவறவிட்டால் அந்த வாசலின் பணம் வராது. குப்பை பிரிந்து வந்தால் அவர்களுக்கு லாபம். ஆகவே நாம் கலந்து போட்டால் மாவ்ஷி திட்டுகிறார். திட்டுகிற ஒப்பந்தக்காரரை வேறெங்கும் நான் கண்டதில்லை!

இதிலும் குறை உண்டு. குடிசைப் பகுதிகளில் கட்டணம் ஒழுங்காக வசூலாவதில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் வரும்போதெல்லாம் பெரிய கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்ற பேச்சு கிளம்பி, இவர்கள் ஊர்வலம் போக வேண்டியிருக்கிறது. ஆனாலும் கூலியின் அளவும் ஊரின் தேவையும் ஒரே திசையில் இழுக்கும் ஏற்பாடு இது. நான் பார்த்தவற்றில் இதற்குத்தான் முதல் மதிப்பெண் கொடுப்பேன்.

அப்படியானால் காளஹஸ்தியிலும் வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்துவிடலாமே என்று முதலில் நானும் நினைத்தேன். அக்காவிடம் சொன்னதற்கு, "நம்ம ஊரு குப்பை யாரு போடறதுடா?" என்றாள்.

அங்கேதான் முடிச்சு. காளஹஸ்தி யாத்திரை ஊர். ராகு–கேது பூஜைக்குத் தினமும் வெளியூர்க் கூட்டம்; கிரகண காலத்திலும் நடை திறந்திருக்கும் கோயில்; மகா சிவராத்திரி பிரம்மோற்சவம் என்றால் கேட்கவே வேண்டாம். பூ, இலை, தேங்காய் மட்டை, சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர் பாட்டில். போடுகிறவர் மாலை பஸ்ஸில் திருப்பதிக்கோ சென்னைக்கோ போய்விடுவார். அவருக்கு அங்கே வீடும் இல்லை, வரியும் இல்லை, ஓட்டும் இல்லை. வீட்டுக் கணக்கில் கட்டணம் வைத்தால், மூன்றாம் தெருவில் தனியாக இருக்கும் அக்கா முன்பின் தெரியாதவர் பாட்டிலுக்குப் பணம் கட்டுகிறாள். அரசாங்கம் வரியை நீக்கினால், ஏற்கனவே இழுபறியாக இருக்கும் பொது நிதியிலிருந்து போகிறது. இரண்டிலும் போட்டவர் தப்பிவிடுகிறார்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் இதற்கு ஒரு வழி காட்டின. நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் ஓட்டல், விடுதி, கல்யாண மண்டபம், வழிபாட்டுத் தலம் போன்றவை 'பெருமளவு உற்பத்தியாளர்' என்று கணக்காகும். தங்கள் ஈரக் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே பக்குவப்படுத்த வேண்டும். யாத்திரை ஊருக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. அறை வாடகையிலும் சாப்பாட்டு பில்லிலும் யாத்ரீகரின் பங்கு தானாக வந்துவிடும். கோயில் பூவும் இலையும் கலக்காமல் வந்தால் நல்ல உரம். தனியாரை அழைப்பதானால் இந்த இரண்டு வரவையும், அதாவது வீட்டுக் குப்பையையும் யாத்திரைக் குப்பையையும், தனித் தனியாக அளந்து தனித் தனியாக ஒப்பந்தம் போட வேண்டும் என்பது என் கருத்து. ஒன்றாகப் போட்டால் ஒன்றின் நஷ்டம் மற்றதில் மறையும்.

காளஹஸ்திக்குக் குப்பைப் பிரச்சினை புதிதும் அல்ல. கண்ணப்பர் கதையில், காலையில் பூஜைக்கு வந்த சிவகோசரியார் சந்நிதியில் எலும்பும் இறைச்சியும் சிதறிக் கிடப்பதைப் பார்த்துப் பதறி, திருவலகால் கூட்டித் தள்ளிவிட்டுத்தானே பூஜையைத் தொடங்குகிறார்? போட்டவர் ஒருவர், கூட்டியவர் வேறொருவர். ஆனால் அவருக்குக் கட்டணத் தகராறு இல்லை.

வேடிக்கை இருக்கட்டும். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் எங்கள் ஊர்க் கலம்காரிக்காரர்கள் இருக்கிறார்கள். கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில் கையால் எழுதி, சாயம் ஏற்றி, ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். தேங்கின தண்ணீரில் அலசினால் சாயம் பரவிக் கறையாகும். ஆறு வருஷத்தில் பாதி நாள் மணல்தான். ஓடுகிற கொஞ்ச நாளிலும் பாலித்தீன் பையும் சாக்கடையும் கலந்து வந்தால் அவர்கள் துணியை எங்கே கொண்டுபோவார்கள்? ஆற்றில் விழுகிற குப்பை எடைமேடைக்கு வராது, வீட்டு வாசலிலும் இருக்காது. டன் கணக்கிலும் அடங்காது, வீட்டுக் கணக்கிலும் அடங்காது. அதற்கென்று ஒரு வரி ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அது யாருடைய வேலையும் அல்ல.

குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பதைப் பற்றியும் கூட்டத்தில் ஆர்வமாகக் கேட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். தில்லி திமார்பூரில் 1987-இல் கட்டிய எரிப்பு ஆலை 21 நாள்தான் ஓடியது. 2003-இல் விஜயவாடாவிலும் ஹைதராபாத்துக்கு அருகே ஷாத்நகரிலும் தனியார் நிறுவனங்கள் தொடங்கிய ஆலைகளில், நம் ஈரக் குப்பை தனியாக எரியாமல் உமி போன்ற விவசாயக் கழிவையும் சேர்த்து ஓட்டினார்கள், அவையும் நிலைக்கவில்லை. பிறகு வந்த ஆலைகள் சில ஓடுகின்றன. ஆனால் ஓர் ஆலை கட்டிவிட்டால் இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு அதற்குத் தீனி போட்டாக வேண்டும்; மேலே சொன்ன குறைந்தபட்ச அளவு விதி வேறு உருவத்தில் திரும்பி வரும். சிறிய ஊர்கள் இதில் அவசரப்படக் கூடாது.

அக்காவிடம் இதையெல்லாம் அரை மணி நேரம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, நான் என்னடா பண்ணணும்?" என்றாள். வார்டு உறுப்பினரிடம் குப்பை ஒப்பந்தத்தின் நகலைக் கேட்கச் சொன்னேன். அவர் தராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நகராட்சிக்கு ஒரு மனு. முழுதும் படிக்க வேண்டாம். பணம் எதை அளந்து கொடுக்கப்படும், யார் அளப்பார், வேலை செய்கிறவருக்கு மாதம் எவ்வளவு என்ற மூன்று பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றேன்.

"தெலுங்குல இருந்தா நானே படிச்சுக்கிறேன். இங்கிலீஷ்ல இருந்தா போட்டோ எடுத்து உனக்கு அனுப்பறேன். நீ அடுத்த மாசம் ராகு–கேது பூஜைக்கு வர்றப்ப அங்கிருந்தே ஒரு துணிப்பை கொண்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.